எறிகிற கையும் ஓடுகிற காலும்: நாய்ப் பந்தின் ஒரு சிறு வரலாறு

நாய்க்கு விளையாட்டுச் சாமான் என்று சொன்னால் ஊரில் இருக்கிற என் அண்ணா சிரிப்பார். "மனுசப் பிள்ளையளே விளையாட்டுச் சாமான் இல்லாமல் வளர்ந்ததுகள். நாய்க்கு என்னடா?" என்பார். அவர் சொல்வதும் பிழையில்லை. எங்கள் வளவில் நின்ற நாய்கள் பகல் முழுக்க மாமர நிழலில் படுத்திருக்கும். இருட்டினால் வேலியோரம் ஓடும், மரநாய்க்குக் குரைக்கும், விடியப்புறம் திரும்ப வந்து படுக்கும். நாங்கள் நாயை நோக்கி எறிந்த ஒரே சாமான் கல்லுத்தான். 'நாயைக் கண்டால் கல்லைக் காணேல்லை' என்று பழமொழியே வைத்திருக்கிற ஆக்கள் நாங்கள்.

பந்தை எறிய, நாய் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து திரும்பவும் எங்கள் காலடியில் போட்டுவிட்டு முகத்தைப் பார்க்கும் என்பதை, சுவிசுக்கு வந்து ஆரெ ஆற்றங்கரையில்தான் நான் முதல் தரம் கண்டேன். அதற்குப் பிறகு முப்பது வருசமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இப்ப என்ரை மகள் வீட்டிலும் ஒரு நாய் நிற்கிறது. லப்றடோர். அதனால்தான் இந்த விசயத்தைத் தேடித் தேடி வாசிக்க வேண்டி வந்தது. வாசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நாய் வளர்க்கிற எங்கடை ஆக்களும் இப்ப கூடிவிட்டார்கள், ஆருக்காவது உதவும்.

வேட்டை நாய் விளையாட்டு நாயான கதை

எடுத்துக்கொண்டு வருகிற குணம் நாய்க்குத் தானாக வந்ததில்லை. மனிதர் தெரிந்தெடுத்து வளர்த்த குணம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானியாவில் துவக்குகள் திருந்தின. பின்பக்கத்தால் தோட்டா போடுகிற துவக்கு வந்ததும் ஒரு நாளில் சுடப்படுகிற பறவைகளின் தொகை பலமடங்கானது. விழுந்த பறவையைப் பற்றைக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் தேடி, கடித்துக் குதறாமல் மெதுவாக வாயில் கவ்விக்கொண்டு வர ஒரு நாய் தேவைப்பட்டது. ஸ்கொத்லாந்தில் குயிசாக்கன் என்ற இடத்தில் பெரிய தோட்டம் வைத்திருந்த ட்வீட்மவுத் பிரபு 1865இல் நூஸ் என்ற மஞ்சள் நாய் ஒன்றை வாங்கினார். அதற்கும் பெல் என்ற பெட்டைக்கும் 1868இல் பிறந்த குட்டிகளில் இருந்துதான் இன்றைய கோல்டன் றிட்றீவர் இனம் தொடங்குகிறது. லப்றடோரின் முன்னோர்கள் நியூபவுண்ட்லாந்தில் மீனவரோடு வேலை செய்த தண்ணீர் நாய்கள். அவற்றைக் கப்பலில் கொண்டுவந்து பிரித்தானியப் பிரபுக்கள் வளர்த்தெடுத்தார்கள். 1903இல் அது தனி இனமாகப் பதிவு பெற்றது. செம்மறி மேய்க்கிற போர்டர் கொலி நாய்களின் மூதாதை என்று சொல்லப்படுகிற ஹெம்ப் என்ற நாய் 1893இல் இங்கிலாந்தின் வடகோடியில், நோர்தம்பர்லாந்தில் பிறந்தது.

இந்த நாய்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் றேமண்ட் கொப்பிங்கர் ஒரு விளக்கம் சொல்வார். (அவர் 2017இல் இறந்துபோனார்.) ஓநாய் வேட்டையாடுவதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. காணும், உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், பிடிக்கும், கொல்லும், தின்னும். தின்றால் படுத்துவிடும். மனிதன் இந்தச் சங்கிலியை இடையிலே வெட்டிவிட்டான். கொலி நாய்க்குப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் மிச்சம். றிட்றீவருக்குத் துரத்துவதும் பிடிப்பதும் மிச்சம். கொல்லுவதும் தின்னுவதும் அடங்கிவிட்டன. அதாவது சங்கிலியை முடித்து வைக்கிற கடைசி வளையம் இல்லை. அந்த நாய்க்குப் 'போதும்' என்று சொல்கிற இடம் இல்லாமல் போய்விட்டது.

ஆனாலும் அந்தக் காலத்து நாய்க்கு ஆபத்து வரவில்லை. ஏனென்றால் அதனுடைய வேலைக்குள் காத்திருப்பு இருந்தது. வேட்டை நாய் எசமானுக்குப் பக்கத்தில் மணிக்கணக்காக அசையாமல் குந்தியிருக்கும். பறவை விழுந்தால் ஒருக்கால் போகும், மணம் பிடித்துத் தேடும், நடந்து வரும், திரும்பக் குந்தும். கொலியும் அப்படித்தான், பாதி நேரம் புல்லில் வயிறு படப் படுத்து ஆட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். பந்து விளையாட்டு இந்தக் காத்திருப்பைத்தான் முதலில் எடுத்து எறிந்தது.

றப்பரும் ரெனிசும்

துள்ளுகிற பந்துக்கு றப்பர் வேண்டும். அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் 1844இல் றப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு உரிமம் பெற்றார். அதற்கு முன் றப்பர் வெயிலுக்கு ஒட்டும், குளிருக்கு வெடிக்கும். 1874இல் மேஜர் விங்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் புல்தரையில் விளையாடும் ரெனிசுக்கு உரிமம் எடுத்தார். அப்போது வெறும் றப்பர் பந்துதான். பிறகு அதன் மேலே ஃபிளனல் துணி தைத்தார்கள். இன்றைக்குக் கம்பளியும் நைலோனும் கலந்த மொச்சை நார் ஒட்டுகிறார்கள்.

ரெனிஸ் பந்து நாய்க்காகச் செய்யப்பட்டதில்லை. அது நாயின் வாய்க்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் மலிவு. உள்ளே அடைத்த காற்றழுத்தம் கெதியாகக் குறைந்துவிடும். விம்பிள்டனில் முதல் ஏழு ஆட்டம் முடிய, பிறகு ஒவ்வொரு ஒன்பது ஆட்டத்துக்கும் ஒருக்கால் பந்து மாற்றுவார்கள். ஒரு வருசப் போட்டிக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் பந்து வேண்டியிருக்கிறது. ஊர்க் கழகங்களிலும் இதே கதைதான். மனிதனுக்கு உதவாமல் போன பந்து நாய்க்குப் போதும்தானே.

இதில் ஒரு வேடிக்கை. பந்து முன்பு வெள்ளையாகவோ கறுப்பாகவோ இருந்தது. வர்ணத் தொலைக்காட்சியில் தெரிய வேண்டும் என்பதற்காக 1972இல் மஞ்சள் பந்தைச் சர்வதேச விதிகளில் சேர்த்தார்கள். விம்பிள்டன் மட்டும் 1986 வரை வெள்ளைப் பந்தோடு அடம்பிடித்தது. பிறகு 1989இல் வெளிவந்த ஒரு ஆய்வு, நாய்க் கண்ணில் இரண்டு விதமான நிற உணர்கலங்கள்தான் உண்டு, நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகப் பிரிந்து தெரியும், சிவப்பும் பச்சையும் கலந்து தெரியும் என்று காட்டியது. தொலைக்காட்சி பார்க்கிற மனிதனுக்காக மாற்றிய நிறம், தற்செயலாக நாய்க்கும் பொருந்திவிட்டது. கடையில் சிவப்புப் பந்து வாங்கி வந்து, 'எங்கடை நாய்க்குப் புல்லுக்கை கிடக்கிறது தெரியேல்லை, மொக்கு நாய்' என்று ஏசுகிற ஆக்கள் இதைக் கவனிக்கவும்.

பந்தின் மேலே இருக்கிற நார் ஒரு அரத்தாள் மாதிரி. மண்ணும் மணலும் அதில் ஒட்டிக்கொண்டால் இன்னும் மோசம். நாள் முழுக்க அதைச் சப்புகிற நாயின் பல் முனைகள் மொட்டையாகத் தேய்ந்துபோகும். வெளிநாட்டுப் பல் வைத்தியர்கள் இதற்கு 'ரெனிஸ் பந்து வாய்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளில் தேய்வதில்லை, வருசக்கணக்கில் தேய்வது. பெரிய நாய்க்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பந்து சிறிதானால் தொண்டைக்குள் போய் அடைத்துவிடும்.

பல்லைக் காப்பாற்ற ஒருவர் எடுத்த முயற்சியில் பிறந்ததுதான் கொங் என்ற றப்பர்ச் சாமான். அமெரிக்காவில் கொலராடோவைச் சேர்ந்த ஜோ மார்க்கம் என்பவரின் ஃபிரிட்ஸ் என்ற அல்சேசன் நாய் கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு வோக்ஸ்வாகன் வான் திருத்திக்கொண்டிருந்தபோது கழற்றிப்போட்ட றப்பர்த் துண்டை நாய் கவ்விக்கொண்டு போனது. கல்லை மறந்து அதையே கடித்தது. அதே உருவத்தில் உறுதியான றப்பரில் செய்து 1976இல் நிறுவனம் தொடங்கினார். உள்ளே சாப்பாடு அடைத்துக் கொடுத்தால் நாய் ஒரு இடத்தில் படுத்திருந்து நக்கிக்கொண்டிருக்கும். ஓட்டமும் இல்லை, துள்ளலும் இல்லை. நாய்ச் சாமான்களின் வரலாற்றில் எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

தட்டு பறந்த காலம்

அமெரிக்காவில் கனெற்றிக்கட் மாநிலத்தில் ஃபிறிஸ்பி என்று ஒரு பேக்கரி இருந்தது. அவர்களின் வெற்றுத் தகரத் தட்டை எறிந்து விளையாடுவது அந்தப் பக்கத்து மாணவர்களின் பழக்கம். கலிபோர்னியாவில் ஃபிரெட் மொறிசன் என்பவர் பிளாஸ்ரிக்கில் பறக்கும் தட்டுச் செய்திருந்தார். 1957இல் வாம்-ஓ என்ற நிறுவனம் அதை வாங்கி விற்கத் தொடங்கியது. மாணவர்கள் சொன்ன பேரைக் கொஞ்சம் மாற்றித் தட்டுக்கு வைத்தது.

1974 ஓகஸ்ட் மாதம். லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர் மைதானத்தில் பேஸ்போல் ஆட்டம் நடக்கிறது, நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் போகிறது. ஒகாயோவில் இருந்து வந்த அலெக்ஸ் ஸ்ரெயின் என்ற 19 வயதுப் பெடியன் தன்னுடைய அஷ்லி விப்பெற் என்ற நாயோடு வேலி தாண்டி மைதானத்துக்குள் குதித்துத் தட்டை எறியத் தொடங்கினான். நாய் மணிக்கு 35 மைல் வேகத்தில் ஓடியது, 9 அடி உயரம் துள்ளியது என்று எழுதினார்கள். சில நிமிடம் ஆட்டமே நின்று சனம் முழுக்க நாயைப் பார்த்தது. பெடியனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆனால் அடுத்த வருசமே நாய்களுக்கான தட்டுப் போட்டி தொடங்கிவிட்டது. 1975, 76, 77 மூன்று வருசமும் அஷ்லிதான் வென்றது. வெள்ளை மாளிகைக்கும் போய் வந்தது. 1985இல் இறந்தது.

பந்து நிலத்தில் ஓடும். தட்டு வானத்தில் பறக்கும். நாயின் உடம்புக்கு இது பெரிய வித்தியாசம். பந்துக்கு ஓடுகிற நாய் முன்னங்காலை ஊன்றிச் சறுக்கி நிற்கும், அப்போது பாரம் முழுக்கத் தோளிலும் முழங்கை மூட்டிலும் மணிக்கட்டிலும் விழும். தட்டுக்குத் துள்ளுகிற நாய் வானத்தில் உடம்பை முறுக்கிப் பிடித்துவிட்டுச் சில வேளை பின்னங்கால் இரண்டிலும் செங்குத்தாக வந்து இறங்கும். முழங்காலும் முள்ளந்தண்டும் அந்த அடியை வாங்கும். மணிக்கு முப்பது மைலில் ஓடிவந்து திடீரென்று திரும்புவதும் அப்படித்தான்.

அதே கலிபோர்னியாவில் பிளைபோல் என்ற போட்டியும் வளர்ந்தது. நான்கு நாய், நான்கு தடை, கடைசியில் ஒரு பெட்டி. நாய் 51 அடி ஓடிப் பெட்டியில் மோத, பந்து வெளியே வரும். அதைக் கவ்விக்கொண்டு திரும்பி ஓட வேண்டும். முதல் போட்டி 1983இல் மிச்சிகனில் நடந்தது. நல்ல அணிகளில் நாலு நாயும் சேர்ந்து 15 செக்கனுக்குள் முடித்துவிடும். ஒவ்வொரு நாயும் ஒரே பெட்டியில், ஒரே பக்கமாகத் திரும்பி, ஒரே காலில் உதைத்து, வருசம் முழுக்கப் பழகுகிறது. இந்த நாய்களுக்கு என்ன காயம் வருகிறது என்று பிறகு ஆய்வாளர்கள் கேட்டு எழுதினார்கள். தோள், மணிக்கட்டு, விரல், தொடைத் தசை என்று நீளமான பட்டியல் வந்தது.

கரண்டியும் யந்திரமும்

இதுவரைக்கும் ஒரு பாதுகாப்பு இருந்தது. எறிகிறவனுக்குக் கை நோகும். பத்து, இருபது தரம் எறிந்தால் தோள் இறுகும், 'போதும் வா வீட்டை' என்று மனிதன் சொல்லுவான். நாயைக் காப்பாற்றியது எங்களுடைய அன்பு என்று நினைக்க வேண்டாம், எங்களுடைய தோள்மூட்டுத்தான்.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நுனியில் கிண்ணம் வைத்த நீளமான பிளாஸ்ரிக் கை. குனியவும் தேவையில்லை, எச்சில் பந்தைத் தொடவும் தேவையில்லை. சின்ன வீச்சில் பந்து மூன்று மடங்கு தூரம் போகும். இந்த நுட்பம் பழையது. அவுஸ்திரேலியப் பழங்குடிகள் ஈட்டி எறிய வைத்திருந்த வூமெறாவும், மெக்சிக்கோ அஸ்ரெக் மக்களின் அற்லாற்றலும் இதே தத்துவம்தான். கையை நீட்டினால் வேகம் கூடும். அவர்கள் அதை வைத்து ஒரு இரையை ஒருக்கால் அடித்தார்கள். நாங்கள் அதை வைத்து ஒரு நாயை நூறு தரம் ஓட்டுகிறோம்.

கடைசிப் படி, மனிதனே தேவையில்லை என்பது. 2013இல் அமெரிக்காவில் ரெக்சாசில் ஒரு தாத்தாவும் பேரனும் தானாகப் பந்தை எறிகிற ஒரு சின்ன யந்திரத்துக்கு இணையத்தில் பணம் திரட்டினார்கள். நாயே பந்தைக் கொண்டுவந்து மேலே போட, யந்திரம் திரும்ப எறியும். பேரன் வீட்டுப்பாடம் செய்கிற நேரம் நாய் வந்து கரைச்சல் தந்ததுதான் காரணமாம். அவர்களில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை, கெட்டிக்காரர்கள். ஆனால் களைக்கிற கை இல்லாமல் போனால் யார் நிறுத்துவது?

வைத்தியர்கள் கண்டது

நாயின் முழங்காலுக்குள் இருக்கிற சிலுவை நாண் அறுவதைப் பற்றி 1926இலேயே எழுதியிருக்கிறார்கள். 1952இல் பின்லாந்தைச் சேர்ந்த சாக்கி பாற்சமா அதையே தன் ஆய்வுநூலாக்கினார். உதைபந்தாட்டக்காரருக்கு இந்த நாண் பெரும்பாலும் ஒரு நொடியில் 'டக்' என்று அறும். நாய்க்கு அப்படியில்லை. பெரும்பாலான நாய்களில் அது மாதக்கணக்காக, வருசக்கணக்காக நார் நாராக நைந்து, கடைசியில் ஒரு நாள் சாதாரணமாக ஓடும்போது அறும். நாய் எப்பவும் முழங்காலை மடித்தபடிதான் நிற்கும். கீழெலும்பின் மேல்தட்டுச் சரிவாக இருக்கும். அதனால் ஒவ்வொரு அடியிலும் அந்த எலும்பு முன்னுக்குச் சறுக்கப் பார்க்கும், நாண் அதை இழுத்துப் பிடிக்கும். அமெரிக்காவில் பார்க்ளே ஸ்லொக்கம் என்ற மிருக வைத்தியர் அந்த எலும்பை வளைவாக வெட்டிச் சரிவை மட்டமாக்குகிற சத்திரசிகிச்சையை 1993இல் வெளியிட்டார். 2002இல் எங்கடை சூரிச்சில் இருந்து இன்னொரு முறை வந்தது. அமெரிக்க நாய் எசமானர்கள் 2003ஆம் ஆண்டில் மட்டும் இந்த ஒரு நாணுக்காகச் செலவழித்தது 132 கோடி டொலர் என்று ஒரு கணக்கு இருக்கிறது.

பந்துதான் இதற்கெல்லாம் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இனம், உடற்பருமன், நலமெடுத்த வயது என்று பல காரணங்கள் சேர்கின்றன. ஆனால் பந்தைப் பற்றி நேரடியாகவே கேட்ட ஆய்வுகளும் உண்டு. 2006இல் சுவீடனில் லப்றடோர் நாய்களைப் பற்றி எழுதினார்கள். எசமான் எறிகிற பந்துக்கும் தடிக்கும் பின்னால் ஓடுவது முழங்கை மூட்டுத் தேய்வுக்கு ஒரு ஆபத்துக் காரணி என்று அதில் வந்தது. 2012இல் நோர்வேயில் குட்டிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மூன்று மாதத்துக்குள் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கூட. மெத்தென்ற மேடுபள்ள நிலத்தில் கயிறில்லாமல் தன்பாட்டில் திரிந்த குட்டிகளுக்குக் குறைவு. ஓட்டம் கெடுதியில்லை, தன்பாட்டில் ஓடுகிற ஓட்டம் நல்லது என்றுதான் நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

2008இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் இன்னொன்று கண்டுபிடித்தார்கள். சில லப்றடோர்கள் பத்து நிமிடம் பந்தெடுத்து ஓடினால் பின்னங்கால் இரண்டும் சோர்ந்து விழும். டைனமின் என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள குறைதான் காரணம். கால் இழுபட இழுபட நாய் இன்னும் பந்தைப் பார்த்தே போகும். சில நாய்கள் அப்படியே செத்திருக்கின்றன. 2020இல் பிரித்தானியாவில் வெப்பத்தால் பாதிக்கப்பட்ட நாய்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். பூட்டிய கார்தான் காரணம் என்று நாங்கள் நினைப்போம். நாலில் மூன்று பங்குக்கு உடற்பயிற்சிதான் காரணமாக இருந்தது.

கடைசியாக, 2025 ஒக்ரோபரில் பேர்ணிலும் வியன்னாவிலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்டது. விளையாட்டுச் சாமானில் கடும் பிரியமான 105 நாய்களைச் சோதித்தார்கள். அதில் 33 நாய்கள், மனிதரின் சூதாட்டப் பழக்கம் மாதிரியான அறிகுறி காட்டின. சாமானை அலுமாரியில் பூட்டினால், பக்கத்தில் இருக்கிற சாப்பாட்டையும் எசமானையும் விட்டுவிட்டு அலுமாரியையே பார்த்து நிற்கும், பிறாண்டும். சாமானை எடுத்த பிறகும் அமைதிக்கு வராது. சந்தோசத்துக்கும் அடிமைத்தனத்துக்கும் நாயின் வாலில் வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் ஆடும்.

"அதுதானே கேட்குது"

மகளின் நாய்க்கு வயது நாலு. போன மாரி தொடங்கப் பின்னங்கால் ஒன்றை மெல்லத் தூக்கி வைத்தது. காலையில் எழும்பும்போது விறைப்பாக நிற்கும், நாலடி நடந்தால் சரியாகும். மிருக வைத்தியர் முழங்காலை அசைத்துப் பார்த்துவிட்டு, நாண் நையத் தொடங்கிவிட்டது, இன்னும் அறவில்லை, பந்தை நிற்பாட்டுங்கள் என்றார். மருமகன் நல்ல பெடியன், வேலையால் வந்து களைப்போடும் ஒரு நாள் தவறாமல் அந்த பிளாஸ்ரிக் கையை எடுத்துக்கொண்டு நாயோடு வெளிக்கிடுவார். அவருக்குக் கவலை.

"மாமா, நான் ஒரு நாளும் கட்டாயப்படுத்தேல்லை. அதுதானே கொண்டுவந்து காலடியிலை போடுது, அதுதானே கேட்குது" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்தச் சொல்லை நான் வேறு இடத்திலும் கேட்டிருக்கிறேன். ஒரு உணவுவிடுதியின் குசினியில் பதினாறு வருசம் நின்றவன் நான். சட்டி கழுவுவது, கிழங்கு சீவுவது, வெங்காயம் வெட்டுவது, பெட்டி தூக்குவது. அகதி அந்தஸ்து இல்லாத காலம், ஊரில் தங்கச்சிமார், ஏசென்சிக்குக் கட்டின கடன். மேலதிக நேரம் இருக்கோ என்று முதலாளியிடம் நானாகத்தான் போய்க் கேட்பேன். அவன் இல்லையென்று சொன்னால்தான் எனக்குக் கவலை. வலது தோள் உயராமல் போனபோது அந்த மனுசன் சொன்னதும் இதைத்தான்: "நீயேதானே கேட்டாய்?"

1700ஆம் ஆண்டில் பேர்னார்டினோ றமசினி என்ற இத்தாலிய வைத்தியர் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நாள் முழுக்க எழுதுகிற கணக்குப்பிள்ளைகளின் கை விறைத்துப்போவதை அதில் பதிந்திருக்கிறார். பாரமே இல்லாத இறகுப் பேனா. ஆனால் ஒரே அசைவு, ஓய்வில்லாமல். 1873இல் ஜெர்மன் வைத்தியர் ருங்க முழங்கை வலியை எழுதினார், அதுவும் எழுதுகிற கையைப் பற்றித்தான். சில வருசத்தில் அதற்கு 'ரெனிஸ் முழங்கை' என்று பேர் வந்தது. பணக்காரர் விளையாடி வந்த வலிக்குப் பேர் கிடைத்தது. குசினியில் வந்தால் 'வயசு போகுது' என்றார்கள். அது வேறு கதை.

நான் சொல்ல வருவது, திரும்பத் திரும்பச் செய்வதால் வருகிற காயத்துக்கு ஒரு குணம் இருக்கிறது. அது விருப்பத்தோடு வரும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் வலி தெரியாது. உடம்பு சூடாக இருக்கும் வரை நாயும் நொண்டாது, நானும் நொண்டவில்லை. அடுத்த நாள் காலையில்தான் கணக்குத் தெரியும். ஆகையால் கேட்கிறவனுடைய விருப்பம் அளவுகோல் ஆகாது. நிறுத்துகிற அதிகாரம் யாருடைய கையில் இருக்கிறதோ, அவர்தான் எண்ண வேண்டும். இதை மருமகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப என்ன செய்யிறது மாமா, சும்மா படுக்க விடுறதே?" என்றார்.

என்ன செய்யலாம்

சும்மா படுக்க விடத் தேவையில்லை. வைத்தியர் சொன்னதும் நான் வாசித்ததும் சேர்த்து எழுதுகிறேன். ஏற்கெனவே நொண்டுகிற நாய் என்றால் வைத்தியர் சொன்னபடிதான், அதில் சொந்தப் புத்தி வேண்டாம்.

காரில் இருந்து இறக்கியவுடன் பந்தை எறிய வேண்டாம். பத்து நிமிடமாவது நடக்கட்டும், தசை சூடாகட்டும். எறிந்தால் தாழ்வாக, நிலத்தில் உருளுகிற மாதிரி எறியுங்கள், வானத்துக்கு வேண்டாம். புல் நல்லது. தார் ரோட்டும் ஈரத் தரையும் கூடாது. தடி எறியவே கூடாது, அது நிலத்தில் குத்திநிற்க நாய் ஓடிவந்து தொண்டையில் ஏற்றிக்கொண்ட சம்பவங்கள் வைத்தியசாலைகளில் நிறைய. குட்டிகளுக்கு எலும்பு முற்றும் வரை துள்ளலும் சறுக்கலும் வேண்டாம். தண்ணீரில் திரும்பத் திரும்பப் பந்தெடுக்கிற நாய் அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் விழுங்கி ஆபத்தாவதும் உண்டு. ஆரெ ஆற்றில் விடுகிறவர்கள் கவனம்.

முக்கியமானது, காத்திருப்பைத் திரும்பக் கொண்டுவருவது. நாயை இருத்தி வையுங்கள். பந்தை எறிந்து அது உருண்டு நிற்கும் வரை விடாதீர்கள். நின்ற பந்தை நாய் மெதுவாக ஓடிப்போய் எடுக்கும், சறுக்காது. அதைவிட நல்லது, பந்தைப் பற்றைக்குள் ஒளித்துவிட்டு மூக்கால் தேட விடுவது. ஐந்து தரம் தேடினால் நாய் களைத்துப்போய்ச் சந்தோசமாகப் படுக்கும். அந்த இனம் செய்த பழைய வேலையே அதுதான்.

சாப்பாட்டையும் பாருங்கள். அமெரிக்காவில் 48 லப்றடோர்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை பார்த்து 2002இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பாதி நாய்களுக்குக் கால்வாசி சாப்பாடு குறைவு. அவை மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு வருசம் கூட உயிரோடிருந்தன, மூட்டுவாதமும் பிந்தித்தான் வந்தது. எங்கடை வீடுகளில் நாய்க்கும் 'இன்னும் கொஞ்சம் போடு' என்பதுதானே பழக்கம்.

சுவிசில் 2008 தொடக்கம் நாய் வாங்குகிறவர் வகுப்புக்குப் போக வேண்டும் என்று நாடு முழுக்கச் சட்டம் இருந்தது. 2016இல் பாராளுமன்றம் அதை எடுத்துவிட்டது, இப்ப மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு நாயின் முழங்கால் எத்தனை தரம் திரும்பலாம் என்று எந்த வகுப்பிலும் ஒரு இலக்கம் சொல்லித்தர மாட்டார்கள். அது நாய்க்கு நாய் வேறு.

மருமகன் அந்த பிளாஸ்ரிக் கையை நிலவறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். நாய் முதல் இரண்டு கிழமையும் நிலவறைக் கதவடியில் போய் நின்றது. இப்ப பின்னேரங்களில் கயிற்றில் நடக்கிறது, ஒவ்வொரு மரத்தடியையும் மணக்கிறது, சத்திரசிகிச்சை தேவையா என்று பங்குனியில் திரும்பப் பார்ப்பார்கள். நாய் வளர்க்கிற ஆக்கள் இன்றைக்குப் பின்னேரம் ஒரு வேலை செய்யுங்கோ. எத்தனை தரம் எறியிறியள் எண்டு ஒருக்கா எண்ணிப் பாருங்கோ. மூன்று, நாலு எண்டு நினைச்சுக்கொண்டு முப்பது எறிந்திருப்பியள்.